ஹைஸ்மன் கோப்பை யாருக்கு உரியது?

நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் கோப்பையைப் பற்றி, குறிப்பாக 2024ஆம் ஆண்டு அது யாருக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எழுந்த வாதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கால்பந்து என்றவுடன் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நம் நினைவுக்கு வரும். நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுகிற அமெரிக்க ஆட்டம். களத்தில் ஓர் அணிக்குப் பதினோரு பேர். பந்து தம்மிடம் இருக்கும்போது முன்னேறுவதற்கு ஒரு குழுவும், எதிரணியிடம் இருக்கும்போது தடுப்பதற்கு வேறொரு குழுவும் இறங்கும். இந்த இரண்டு குழுக்களிலும் ஒரே முகத்தைக் காண்பது இன்று மிக அரிது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், இந்த வழக்கு எளிதில் விளங்கிவிடும்.

2024 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில் முடிவு அறிவிக்கப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர் 2,231 புள்ளிகள் பெற்றுக் கோப்பையை வென்றார். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஷ்டன் ஜென்டி 2,017 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் நின்றார். 214 புள்ளி வேறுபாடு பெரிதாகத் தோன்றலாம். ஆனால் 2009க்குப் பிறகு இவ்வளவு நெருக்கமான முடிவு வந்ததில்லை.

வாக்களிப்பவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு 145 பேர் வீதம் 870 விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு வாக்கு உண்டு. முன்னர் இக்கோப்பையை வென்று இன்று உயிரோடு இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. ரசிகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதற்பெயருக்கு மூன்று புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. மிகச் சிறந்து விளங்கிய வீரரைத் தேர்ந்தெடுங்கள் என்று விருது கேட்கிறதே தவிர, எந்த அளவுகோலால் அளப்பது என்று சொல்வதில்லை. 1935 முதல் நடந்துவரும் எல்லா வாதங்களும் அந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் ஜென்டியின் பக்கத்தை முழுமையாக எடுத்துரைப்பதே முறை. அவர் ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் நடுவே பாய்ந்து ஓடுபவர். வாக்குகள் எண்ணப்பட்டபோது அவர் ஓடிக் கடந்திருந்த தொலைவு 2,497 யார்டு, ஓடி எடுத்த டச் டவுன்கள், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்த தடவைகள், 29. பாய்ஸி ஸ்டேட் பெரும் பணமும் பெரும் பெயரும் கொண்ட பல்கலைக்கழகம் அல்ல. அது அப்போது ஆடிய மவுன்டன் வெஸ்ட் கூட்டமைப்பும், அதாவது தமக்குள் மோதும் பல்கலைக்கழகங்களின் குழுவும், பெரிய கூட்டமைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. எனவே, வலுக்குறைந்த அணிகளுக்கு எதிராகக் குவித்த எண்கள் இவை என்ற குற்றச்சாட்டு அவர்மீது எளிதாக விழுந்தது. ஆனால் அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் அனைத்தையும் வென்ற ஆரிகன் பல்கலைக்கழக அணியை, அதன் சொந்தக் களத்திலேயே எதிர்கொண்டு, 192 யார்டு ஓடி மூன்று டச் டவுன் எடுத்தவர் அவர். பாய்ஸி ஸ்டேட் அந்த ஆட்டத்தில் 37-34 என்ற கணக்கில் தோற்றது. தோல்விக்கு ஜென்டியைக் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. மேலும், பந்து அவரிடம்தான் போகும் என்று எதிரணியின் பதினோரு பேருக்கும் அரங்கம் முழுவதற்கும் தெரிந்திருந்த நிலையில், முதல் ஆள் வந்து மோதிய பிறகும் விழாமல் ஓடிச் சேர்த்த தொலைவே அவருடைய கணக்கில் பெரும்பகுதி. வாக்களித்தவர்களில் 309 பேர் அவரை முதலிடத்தில் எழுதியதை நான் மதிக்கிறேன்.

அவருக்காக வாதாடியவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டியது 2,628 என்ற எண்ணை. 1988இல் ஓக்லஹாமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் ஓடிய யார்டுகள் அவை. அந்த ஆண்டின் ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. ஜென்டி இறுதியில் 2,601 யார்டில் நின்றார், 27 யார்டு குறைவு. ஆனால் சாண்டர்ஸ் தம் தொலைவை 11 ஆட்டங்களில் கடந்தார். பருவத்தின் இறுதியில் வரும் பவுல் ஆட்டத்தை அன்றைய பதிவேடு சேர்த்துக்கொள்வதில்லை. ஜென்டிக்கு 14 ஆட்டங்கள் கிடைத்தன. இதைச் சொல்வதால் ஜென்டியின் பெருமை குறைந்துவிடாது. எண்ணைக் கொண்டே ஒருவரை நிறுவ முற்படும்போது, அந்த எண் எந்த விதிகளின் கீழ் எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி ஹன்டரிடம் வருவோம். அவர் இரண்டு குழுக்களிலும் ஆடினார். கொலராடோவிடம் பந்து இருந்தபோது ஓடிச் சென்று பந்தைப் பிடிக்கும் ரிசீவர். எதிரணியிடம் பந்து இருந்தபோது அதே வேலையைச் செய்யும் எதிரணி ரிசீவரைத் தொடர்ந்து ஓடித் தடுக்கும் கார்னர்பேக். கிரிக்கெட்டின் ஆல்ரவுண்டரை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு வேறுபாட்டோடு. ஆல்ரவுண்டர் தமக்கு முன்னால் இருப்பவர் ஆட்டமிழக்கும் வரை நிழலில் அமர்ந்திருக்க முடியும். இவரோ தம் அணி பந்தை இழந்த மறுநிமிடமே களத்தின் மறுபுறம் போய் நிற்க வேண்டும். பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வந்து, அதை ஏந்தியவர் வீழ்த்தப்படும் வரை நடப்பதை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்தப் பருவத்தில் ஹன்டர் ஆடியவை 1,300க்கும் மேற்பட்ட சுற்றுகள். வாக்களிப்பு நாள் வரை 92 பந்துகளைப் பிடித்து, 1,152 யார்டும் 14 டச் டவுனும் சேர்த்திருந்தார். தடுப்பில் எதிரணி எறிந்த பந்துகளில் நான்கை இடைமறித்துப் பறித்திருந்தார். சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும், சிறந்த தடுப்பாட்ட வீரருக்கான பெட்னாரிக் விருதும் அந்த ஆண்டு அவர் ஒருவருக்கே கிடைத்தன. இவ்விரண்டையும் ஒருவரே பெற்றது அதற்கு முன் நடந்ததில்லை.

பேய்லர் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2024 செப்டம்பரில் நடந்த ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்றது, கொலராடோ முந்தியிருந்தது. பேய்லரின் வீரர் ஒருவர் பந்தோடு எல்லைக் கோட்டை நெருங்கியபோது, ஹன்டர் பாய்ந்து மோதிப் பந்தை அவர் கையிலிருந்து உதிரச் செய்தார். ஆட்டம் அங்கேயே 38-31 என்று முடிந்தது. அதுவரை ரிசீவராக ஓடிக் களைத்திருந்த ஒருவர், தடுப்பாளராக அந்த வேகத்தோடு அந்த இடத்தில் வந்து நின்றதை யார்டுக் கணக்கில் எப்படி எழுதுவது?

என் வாதத்தின் நடுப்புள்ளி இதுதான். கார்னர்பேக் எவ்வளவு திறமையாக ஆடுகிறாரோ, அவ்வளவுக்கு அவருடைய ஏடு வெறுமையாகும். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், யாருடைய பக்கம் எறிந்தால் ஆபத்து என்று அறிந்து, அந்தப் பக்கத்தையே தவிர்க்கத் தொடங்குகிறார். களத்தின் மூன்றில் ஒரு பங்கு எதிரணிக்குப் பயன்படாமல் மூடப்படுகிறது. மற்ற பத்து தடுப்பாளர்களும் மீதமுள்ள இடத்தை மட்டும் காத்தால் போதும் என்றாகிறது. இந்த நன்மை முழுவதும் ஆட்டத்தில் நிகழ்கிறது. புள்ளிவிவரத் தாளில் மட்டும் அதற்கு இடமில்லை. வராத பந்தை யாரும் எண்ணுவதில்லை. ஓடுபவரின் யார்டுகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டே போகிறோம். தடுப்பவரின் பணியை எடைபோட, ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

1997ஆம் ஆண்டின் வாக்காளர்கள் அப்படிப் பார்த்தார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் பேட்டன் மேனிங் அன்று நாடறிந்த குவார்ட்டர்பேக். கோப்பை அவருக்குத்தான் என்று பருவம் தொடங்கும் முன்பே பேசப்பட்டது. ஆனால் மிஷிகனின் கார்னர்பேக் சார்ல்ஸ் வுட்சன் 272 புள்ளி வேறுபாட்டில் அவரை முந்தினார். முதன்மையாகத் தடுப்பாட்டக்காரரான ஒருவர் ஹைஸ்மன் வென்றது அதுவே முதல்முறை. வுட்சனும் தடுப்பில் மட்டும் ஆடியவர் அல்லர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவ்வப்போது ரிசீவராகவும் இறங்கினார். ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக, எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து 78 யார்டு ஓடி டச் டவுன் எடுத்தார். பந்தோடு ஓடும் அந்தக் காட்சி இல்லாதிருந்தால், தடுப்பாற்றலை மட்டும் வைத்து அவருக்கு இந்த வாக்குகள் விழுந்திருக்குமா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த ஐயத்துக்குக் காரணம் 2009. நெப்ராஸ்காவின் இன்டாமுகாங் சூ முன்வரிசைத் தடுப்பாளர். பந்தைக் கையில் வாங்கி ஓடும் வேலை அவருக்கில்லை. பிக் 12 கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் அணியின் குவார்ட்டர்பேக்கை நாலரை முறை வீழ்த்தினார். பாதிக் கணக்கு என்பது மற்றொருவரோடு சேர்ந்து வீழ்த்தியது. அந்த ஆட்டத்தை டெக்சஸ் 13-12 என்று தப்பித்தே வென்றது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரை அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது. ஹைஸ்மன் வாக்கெடுப்பிலோ அவருக்கு நான்காம் இடம். அலபாமாவின் ரன்னிங் பேக் மார்க் இங்க்ரம், ஸ்டான்ஃபோர்டின் ரன்னிங் பேக் டோபி கெர்ஹார்ட்டை வெறும் 28 புள்ளிகளில் முந்தினார். இக்கோப்பையின் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு அது. அந்த இருவரையும் ஒப்பிட்டு நாடே பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டு ஆட்டங்களைத் தம் விருப்பப்படி வளைத்த சூவின் பெயர் ஓரமாக நின்றுவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறாத குறை.

2000 முதல் 2024 வரை வழங்கப்பட்ட 25 விருதுகளில் 20 குவார்ட்டர்பேக்குகளுக்கே சென்றன. எஞ்சிய ஐந்தில் மூன்று ரன்னிங் பேக்குகளுக்கும், ஒன்று ரிசீவருக்கும், ஒன்று ஹன்டருக்கும் கிடைத்தன. பந்தைத் தொடுபவரே ஆட்டத்தை ஆடுபவர் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரும் வாக்குகளை இழுப்பதுண்டு. 1956இல் நோட்டர் டேம் அணி இரண்டே ஆட்டங்களை வென்று எட்டில் தோற்றது. ஆயினும் அதன் பால் ஹார்னங் கோப்பையை வென்றார். கோல்கேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் தனியாளாக 43 புள்ளிகள் எடுத்த சிரக்கியூஸின் ஜிம் பிரவுனுக்கு ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. அதுவரை கறுப்பினத்தவர் எவரும் இக்கோப்பையைப் பெற்றிருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து 1961இல், அதே சிரக்கியூஸில் பிரவுனின் 44ஆம் எண் சட்டையை அணிந்து ஆடிய எர்னி டேவிஸே அதை முதலில் பெற்றார்.

ஹன்டருக்கு எதிராக எழுந்த வாதங்களில் ஒன்றை நான் இலேசாகத் தள்ள மாட்டேன். வாக்களிப்பு நாள் வரை கொலராடோ மூன்று ஆட்டங்களில் தோற்றிருந்தது. தன் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்கும் போகவில்லை. பாய்ஸி ஸ்டேட்டோ தன் கூட்டமைப்பை வென்று, பன்னிரண்டு அணிகள் மோதும் தேசியச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஜென்டி இல்லாமல் அது நடந்திருக்காது. அணிக்கு மிகவும் பயன்பட்டவருக்கான விருது இதுவென்றால், நானும் ஜென்டியின் பெயரையே எழுதியிருப்பேன். ஆனால் ஹைஸ்மன் தேடுவது சிறந்து விளங்கிய வீரரை. ஜென்டி செய்ததை அவருக்கு முன் சிலர் செய்திருக்கிறார்கள். ஹன்டர் செய்ததற்கு ஒப்புமை தேட வேண்டுமானால், ஒரே வீரர் இரு பக்கமும் ஆடுவது வழக்கமாயிருந்த காலத்துக்கு, 1935இல் இக்கோப்பையை முதன்முதலாகப் பெற்ற சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரின் காலத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். அன்றைய விதிகள் அதைக் கட்டாயமாக்கின. இன்று எந்த விதியும் கட்டாயப்படுத்தாத நிலையில், ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாகத் தேர்ந்த வீரர்களை எதிர்த்து, ஒருவர் இரண்டையும் உயர்ந்த தரத்தில் செய்து காட்டினார். 552 பேர் அவரை முதலிடத்தில் எழுதியது சரியான தீர்ப்பு.

எனக்கு வாக்குரிமை கிடையாது. கிடைத்திருந்தால், முதலிடத்தில் ஹன்டர், இரண்டாமிடத்தில் ஜென்டி என்று எழுதியிருப்பேன். மூன்றாம் இடத்தைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். பந்தை ஏந்துபவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசை வீரர்களில் இக்கோப்பைக்கு மிக அருகே வந்தவர்களில் ஒருவர் ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ். 1973இல் அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு ரன்னிங் பேக்கின் ஓட்டமும் தொடங்கும் அந்த வரிசையில் நின்று தாக்குதல் முழுவதையும் தாங்கும் டேக்கிள்களில் ஒருவர்கூட இன்றுவரை ஹைஸ்மன் வென்றதில்லை. 2024இல் முன்வரிசை வீரர்களுக்கான அவுட்லேண்ட், லொம்பார்டி விருதுகள் இரண்டையும் வென்றவர் டெக்சஸின் கெல்வின் பேங்க்ஸ். மூன்றாம் பெயருக்கு உரிய அந்த ஒற்றைப் புள்ளியை அவருக்குக் கொடுத்திருப்பேன்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.