ஆழம் தெரியாமல் அல்பேனியாவில் காலை விடாதே

மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஆசிரியப் பெருமக்களே, வரவேற்புரையை முக்கால் மணி நேரம் ஆற்றி எனக்குப் பத்து நிமிடம் மிச்சம் வைத்த அன்புச் செயலாளர் அவர்களே, தொண்டு செய்யக் கடல்கடந்து கிளம்பும் இளைஞர்களே, வணக்கம்.

என் தலைப்பு, தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள அல்பேனியாவின் சிற்றூரில் தொண்டரின் அன்றாடப் பாடு. தண்ணீர், பணம், பயணம், பள்ளிக்கூடம் என நான்கு செய்தி சொல்லப் போகிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. நான்குக்கும் அதுதான் அடிப்படை.

முதலில் தண்ணீர். பல ஊர்களில் குழாயில் காலையும் மாலையும் சில மணி நேரம்தான் வரும். மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். ஆகவே வாளிகளில் தனியே பிடித்து வையுங்கள். பாய்லருக்குள் நீர் இறங்கியிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் சுருள் எரிந்துபோகும். குளிக்கப் போகுமுன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பழைய வீடுகளில் எர்த்தை நம்ப முடியாது. தென்கிழக்கே உள்ள கொர்ச்சா நகரப் பக்கத்துக் குளிரில் வெளிக்குழாய் உறையும். இரவில் குழாயைச் சொட்டவிட்டுப் படுப்பது நல்லது.

அடுத்து பணம். அங்கே நாணயத்தின் பெயர் லெக். 1965-இல் பத்துப் பழைய லெக்கை ஒரு புது லெக் ஆக்கினார்கள். நோட்டு மாறியது, வாய் மாறவில்லை. சந்தையில் ஒரு தொண்டர் நிற்கிறார் என்று வையுங்கள். ஒரு கிலோ தக்காளி நூறு லெக். கடைக்காரர் பழைய கணக்கில் "ஆயிரம்" என்கிறார். பிள்ளையாண்டான் ஆயிரம் லெக் நோட்டை நீட்டி, "ஆயிரமா?" என்று கேட்கிறான். அவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார். அங்கே அதற்கு 'ஆமாம்' என்று பொருள். இவனோ 'போதாது' என்று புரிந்துகொண்டு இன்னோர் ஆயிரத்தை எடுக்கிறான்! அவர் பதறி, நாக்கைச் சொடுக்கித் தலையை மேலே தூக்குகிறார். அது 'இல்லை'. இவன் கண்ணுக்கு அது சம்மதம். மூன்றாவது நோட்டு வருகிறது! கடைசியில் பக்கத்துக் கடைப் பாட்டி நோட்டுகளை அவன் சட்டைப்பையில் திணித்துவிட்டு, அவன் உள்ளங்கைச் சில்லறையிலிருந்து நூறு லெக் நாணயம் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறாள். நம்மூர்க்காரர் போனால் இந்தச் சிக்கல் பாதிதான். நாமும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டித்தானே "சரி" என்கிறோம்? (கைதட்டல்)

அதனால்தான் மேடைதோறும் கேட்கிறேன்: மொழி கற்பிக்காமல் தொண்டரை அனுப்பாதீர்கள்! அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் அல்பேனியாவுக்கு 1992-இல் போனது. பண இரட்டிப்புக் கம்பெனிகள் கவிழ்ந்து நாடே கலவரமான 1997-இல் வெளியேறி, 2003-இல் திரும்பியது. பயிற்சிக் காலத்தில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவைத்து மொழியைப் பழக்கிய பிறகே அவர்கள் ஊரில் விடுகிறார்கள். ஆழம் தெரிந்து காலை விடுவது அதுதான். அல்பேனிய மொழிக்கு எழுத்து 36, அவற்றில் உயிர் 7. நம் 247-க்கு முன் அது எம்மாத்திரம்!

தலைவர் மணியடித்துவிட்டார். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் ஃபுர்கோன் வேனும் பள்ளிக்கூடமும் இன்னொரு மேடைக்கு. மூன்று மாத மொழிப் பயிற்சியைக் கட்டாயமாக்கக் கோரும் தீர்மானத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்கு முன் கையெழுத்திட்டுவிடுங்கள். பேனா ஒன்றுதான் உள்ளது. நன்றி, வணக்கம்.