காற்றாலைக்குள்ள போகணுமா? ஃபேன்டஸி கேமும் மனசை உலுக்குற கதைகளும்

வணக்கம் மக்களே. இன்னைக்கு கேம்ப்ளே எதுவும் ஓட்டப்போறதில்ல. உக்காந்து பேசப்போறேன், அவ்வளவுதான். ரொம்ப நாளா நெஞ்சுல கிடக்குற விஷயம் இது.

எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை ஆனா அஞ்சு பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதான் டைஸ் உருட்டி கதை சொல்லி ஆடுற விளையாட்டு, ஆடுறது உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். நான்தான் டன்ஜன் மாஸ்டர். கதை சொல்றது நான், மத்த நாலு பேரும் அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு கேரக்டரா நடமாடுறவங்க. போன வருஷம் நாங்க எடுத்தது 2016-ல வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்ங்கற கதைப் புத்தகம். 1983-ல ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதின ரேவன்லாஃப்ட்தான் அதுக்கு வேர். பரோவியான்னு பனி மூடின ஒரு நாடு. அதை ஆளுறது ஸ்ட்ராட்ங்கற ரத்தக்காட்டேரி. அங்கேர்ந்து யாரும் வெளிய போக முடியாது.

அந்த ஊர்ல ஒரு கிழவி வண்டியைத் தள்ளிக்கிட்டு வீடு வீடா பேஸ்ட்ரி விப்பா. சாப்பிட்டா கொஞ்ச நேரம் நல்ல கனவுக்குள்ள போயிடலாம். பரோவியா ஜனங்களுக்கு வேற சந்தோஷமே இல்லையா, ருசி கண்டவங்களால விட முடியாது. கையில காசு தீர்ந்துச்சுன்னா கிழவி பிள்ளையைக் கேப்பா. பெத்தவங்க கொடுத்துடுறாங்க. ஊருக்கு வெளிய ஒரு பழைய காற்றாலை. அங்க வெச்சு அந்தப் பிள்ளைங்களோட எலும்பை அரைச்சு மாவுல கலக்குறாங்க. அந்தக் கிழவி ஒரு சூனியக்காரி, கூட அவளோட மகளுங்க ரெண்டு பேர்.

இதை நான் ரெண்டு நாள் தயார் பண்ணேன். முதல்ல வாசனையை மட்டும் சொன்னேன். வெண்ணெய், சர்க்கரை, அடுப்புலேர்ந்து வர்ற சூடு. அப்புறம் மேல கல்லு சுத்துற சத்தம். அப்புறம் திரிகை இடுக்குல ஒரு பால்பல். அந்தப் பால்பல் புத்தகத்துல கிடையாது, நானா சேர்த்தது. அதுல எனக்கு ஒரு பெருமை வேற. அப்புறம் மாடியில அடைச்சு வெச்சிருக்கற ரெண்டு குழந்தைங்க, ஃப்ரீக்னு ஒரு பையன், மர்ட்டில்னு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு குரல்ல நான் பேசினேன். "வீட்டுக்குப் போகணும்"னு.

எங்க டேபிள்ல ஒரு அண்ணன் இருக்கார். பலாடின், அதாவது சாமிக்கு சத்தியம் பண்ணின வீரன் கேரக்டர் ஆடுறவர். கையில வெச்சிருந்த டைஸை மெதுவா கீழ வெச்சார். எழுந்து வெளிய போனார். தண்ணித் தொட்டி பக்கத்துல போய் நின்னுக்கிட்டார். ஏதோ போன் வந்திருக்கும்னு நினைச்சு நான் இன்னும் பத்து நிமிஷம் கதையை ஓட்டினேன். அந்தப் பத்து நிமிஷத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தைப் பிசையுது.

அவர் பொண்ணுக்கு நாலு வயசு. அதுக்கு முந்தின மாசம்தான் டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போச்சு. நாங்க எல்லாருமே போய்ப் பார்த்தோம், ஒரு நாள் ராத்திரி நானும் அங்கயே இருந்தேன். ட்ரிப்ஸ் போட்ட கையை நீட்டிக்கிட்டு அந்தக் குழந்தை திரும்பத் திரும்பச் சொன்னதும் இதையேதான். வீட்டுக்குப் போகணும்.

எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு உறைக்கல.

அதுக்கப்புறம் பல பேர் என்கிட்ட சொன்னது ஒண்ணுதான். விளையாட்டுல எதுக்கு இதெல்லாம்? வாள் இருக்கு, டிராகன் இருக்கு, புதையல் இருக்கு. மனுஷன் வாரம் முழுக்க வேலை பார்த்துட்டு மனசு லேசாகணும்னுதானே வர்றான்? நியாயமான கேள்விதான். ஆனா என் பதில், இதெல்லாம் இருக்கணும். கண்டிப்பா இருக்கணும். ஏன்னு சொல்றேன்.

தி விட்சர் 3-ன்னு ஒரு வீடியோ கேம், 2015-ல வந்துச்சு. போலந்துல சிடி ப்ராஜெக்ட் ரெட் பண்ணது. வேலன்னு போர்ல நாசமா போன ஒரு சதுப்பு நாடு. அங்க ஒரு பரோன், அதாவது பிரபு, ரத்த பரோன்னு ஊர்ல பேர். தன் பெண்டாட்டியும் பொண்ணும் காணாம போயிட்டாங்க, கண்டுபிடிச்சுக் கொடுன்னு உங்ககிட்ட கேக்குறான். தேடத் தேடத்தான் விஷயம் வெளிய வருது. குடிச்சுட்டு பெண்டாட்டியை அடிக்கிறவன். வயித்துல இருந்த பிள்ளை கலைஞ்சுபோச்சு. பேரு வைக்காம, சடங்கு செய்யாம புதைச்சுட்டான். அந்தப் பிள்ளை இப்ப பாட்ச்லிங்கா, ஒரு பேயா, ராத்திரியில எழுந்து வருது. இது ஸ்லாவிய நாட்டுப்புற நம்பிக்கைலேர்ந்து எடுத்தது.

இப்ப ரெண்டு வழி. வாளை எடுத்து அதை வெட்டிப் போடலாம். இல்லன்னா அப்பன்காரனையே அதைத் தூக்க வைக்கலாம். நான் தூக்க வெச்சேன். மழை ராத்திரியில அந்தக் குடிகாரன் அதை மார்போட அணைச்சுக்கிட்டு நடக்குறான். வழியில ஆவிங்க வருது. அதுங்களோட சண்டை போட்டுக்கிட்டே, கையில இருக்கறது வெறி பிடிச்சுத் திரும்பாம ஆக்சி மந்திரத்தைப் போட்டு நான் அமைதிப்படுத்திக்கிட்டே இருக்கணும். வீட்டு வாசப்படி கிட்ட குழி. அங்க வெச்சு அவன் பேரு வைக்கிறான். டேயா. தன் மகள்னு சொல்லி ஏத்துக்குறான். கன்ட்ரோலரைப் பிடிச்சிருந்த கை வேர்த்துப்போச்சு எனக்கு.

அவனை மன்னிச்சுடுன்னு கேம் எங்கயும் கேக்கல. அவன் பொண்ணு தமாராவும் மன்னிக்கல. ஆனா அந்த நடை இருக்கே, அதை நான் நடந்தேன். நிஜ உலகத்துல நடக்குற கதையா இருந்தா அந்தக் குழந்தை மண்ணுக்குள்ள போனதோட முடிஞ்சுபோயிருக்கும். ஃபேன்டஸியா இருக்கப் போய்தான் செத்த பிள்ளை திரும்பி வந்து அப்பன் கையில கனக்குது. எதைப் பத்தி வீட்டுல யாரும் வாய் திறக்க மாட்டாங்களோ, அதுக்கு இந்தக் கதைகள்ல உடம்பு கிடைக்குது. இதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க?

நமக்கு இது புதுசும் இல்ல. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்க ஆச்சி நல்லதங்காள் கதை சொல்லுவா. பஞ்சத்துல ஏழு பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வர்றா. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திடுறா. கடைசியில கிணத்தடி. ஒவ்வொண்ணா தூக்கிப் போடுறா. இதைவிடக் கொடுமையான கதை உலகத்துல எந்த கேம்ல இருக்கு? அதை ஆறு வயசுல நான் கேட்டேன். ஆனா ஆச்சி எப்படிச் சொல்லுவா தெரியுமா? என்னை மடியில போட்டுக்கிட்டு, முதுகைத் தடவிக்கிட்டே சொல்லுவா. மூத்தவன் கெஞ்சுற இடம் வரும்போது குனிஞ்சு என் முகத்தைப் பார்ப்பா. நான் அழ ஆரம்பிச்சா, "செரி, நாளைக்குச் சொல்லுதேன், தூங்கு"ம்பா. சில ராத்திரி கிணத்தடி வரைக்கும் போகவே மாட்டா. சில ராத்திரி நானே "போட்டுட்டாளா ஆச்சி?"ன்னு கேப்பேன், அப்ப சொல்லுவா.

அந்தக் காற்றாலையில நான் என் பேப்பரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அண்ணன் முகத்தைப் பார்க்கல.

கதையைக் கழுவிச் சுத்தம் பண்றது வேற. அதையும் பண்ணிப் பார்த்தாச்சு. 1980-கள்ல அமெரிக்காவுல, இந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிள்ளைங்களை சாத்தான்கிட்ட கொண்டுபோய் விடுதுன்னு பெரிய கூச்சல் கிளம்புச்சு. 1989-ல வந்த ரெண்டாம் பதிப்புல டீமன், டெவில்ங்கற சொல்லையே அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனி தூக்கிட்டு தனாரி, பாட்டேசுன்னு பேர் வெச்சாங்க. பேர்தான் மாறுச்சு, உள்ள இருக்கற அரக்கன் அதே அரக்கன்தான். 2000-ல மூணாம் பதிப்புல பழைய சொல் திரும்ப வந்துடுச்சு.

அதே சமயம், இருட்டா இருந்தாலே நல்ல கதைன்னு சொல்றவங்க கூடவும் எனக்கு ஒத்துப்போகாது. டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ்னு ஒரு வீடியோ கேம், 2009, பயோவேர் கம்பெனி பண்ணது. பூமிக்கடியில டீப் ரோட்ஸ்ல போய்க்கிட்டே இருப்போம். தூரத்துலேர்ந்து ஒரு பொம்பள குரல் கேக்கும். ஹெஸ்பித். முதல் நாள் என்ன நடந்துச்சு, ரெண்டாம் நாள் என்ன நடந்துச்சுன்னு ஒரு பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பா. கூட வந்த பொண்ணுங்களை டார்க்ஸ்பான்ங்கற அரக்கனுங்க பிடிச்சு என்ன பண்ணாங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா நமக்குப் புரியும். அந்தப் பாட்டு எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துச்சு, அது சரியான பயம். ஆனா அதுக்கப்புறம்? அவ சொன்ன லாரின்ங்கற பொண்ணு ப்ரூட்மதரா, டார்க்ஸ்பானைப் பெத்துப் போடுற ஒரு மிருகமா மாறி உக்காந்திருக்கா, நாம வெட்டுறோம், ஹெல்த் பார் குறையுது, லூட் எடுக்குறோம், போறோம். இவ்வளவு பெரிய கொடுமைக்கு ஆளான ஒரு பொண்ணு கடைசியில ஒரு பாஸ் ஃபைட். எனக்கு அது இன்னும் ஜீரணமாகல. அந்தப் பாட்டோட நிறுத்தியிருக்கலாம்.

பால்டர்ஸ் கேட் 3 இந்த இடத்துல எவ்வளவோ தூரம் வந்துடுச்சு. 2023, லேரியன் கம்பெனி பண்ணது. நம்மகூட வர்ற அஸ்டாரியன் ஒரு வேம்பயர், 200 வருஷம் கஸடோர்ங்கற எஜமானுக்கு அடிமை. தன் உடம்பைக் காட்டி ஆளுங்களை மயக்கி எஜமான்கிட்ட கூட்டிட்டு வர்றதுதான் அவனுக்கு இட்ட வேலை. நீல் நியூபன் குரல் கொடுத்து நடிச்சார், அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல சிறந்த நடிப்புக்கான விருதும் வாங்கினார். ரெண்டாம் ஆக்ட்ல மூன்ரைஸ் டவர்ஸ்ல அராஜ்னு ஒருத்தி, ரத்த வியாபாரி. அஸ்டாரியன் தன்னைக் கடிக்கணும்னு ஆசைப்படுறா. கடிச்சா உங்களுக்கு ஒரு போஷன் தருவா. நிரந்தரமா ஸ்ட்ரெங்த் ரெண்டு கூடும். கேம் ஆடுறவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம்னு. அவனுக்கு இஷ்டமில்ல, வாய் விட்டே சொல்றான். நீங்க வற்புறுத்தலாம். இல்ல, உன் இஷ்டம்னு விடலாம்.

நான் முதல் தடவை வற்புறுத்தினேன். என் கேரக்டர் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் வேணும், அவ்வளவுதான் மண்டையில ஓடுச்சு. முடிஞ்சதும் அவன் முகத்தைப் பார்த்தேன். எஜமான் அவனை என்ன பண்ணானோ அதைத்தான் நானும் பண்ணியிருக்கேன், ரெண்டு பாயின்டுக்காக. முன்னாடி சேவ் பண்ணி வெச்ச இடத்துலேர்ந்து திரும்ப லோட் பண்ணிட்டேன். சுரண்டல்னா என்னன்னு எத்தனையோ படிச்சிருக்கேன், அது என் கை வழியா நடந்தது அன்னைக்குத்தான். அங்க ரத்தமில்ல, அலறல் இல்ல. ஒரு பேரம், அவ்வளவுதான்.

ஆனா கம்ப்யூட்டர் கேமுக்கு உங்க முகம் தெரியாது. ஆச்சி மாதிரி குனிஞ்சு பார்க்க முடியாது. அதனால ஆடுறவங்க கையிலயே ஏதாவது கொடுத்தாகணும். 2020-ல வந்த கிரவுண்டட்ங்கற கேம்ல சிலந்திக்குப் பயப்படுறவங்களுக்கு ஒரு ஸ்லைடர் இருக்கு. இழுக்க இழுக்க சிலந்தியோட கால் ஒவ்வொண்ணா காணாம போயி கடைசியில வெறும் உருண்டையா மிதக்கும். சிலந்திக்கு இவ்வளவு யோசிக்க முடியுதுன்னா, குழந்தை சாவுற காட்சிக்கு முன்னாடி ஒரு வரி எழுத முடியாதா? எனக்கு இதுல உண்மையிலேயே கோவம் வருது.

டேபிள்ல ஆடுறவங்களுக்கு சாக்கே கிடையாது. இதோ பாருங்க, இந்த அட்டை. சாதா சாட் பேப்பர், ஸ்கெட்ச்ல பெருசா ஒரு எக்ஸ். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் கொண்டுவந்த முறை. டேபிள் நடுவுல கிடக்கும். யாராவது தொட்டா அந்தக் காட்சியை அங்கயே மாத்திடணும். ஏன்னு கேக்கக் கூடாது. இன்னொண்ணு ரான் எட்வர்ட்ஸ் சொன்னது, கோடும் திரையும். கோடு போட்ட விஷயம் எங்க கதைக்குள்ள வரவே வராது. திரை போட்டது நடக்கும், ஆனா காட்ட மாட்டோம், கதவைச் சாத்திட்டு அடுத்த நாள் காலைக்குப் போயிடுவோம். இதையெல்லாம் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உக்காந்து பேசுறதுக்குப் பேரு செஷன் ஜீரோ. 2020-ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட டாஷாஸ் கால்ட்ரன் புத்தகத்துலயே இதுக்குன்னு பக்கம் ஒதுக்கியிருக்காங்க. நான் படிச்சிருந்தேன். நம்ம பசங்கதானே, எதுக்குன்னு விட்டுட்டேன்.

அட்டை வெச்சா பயமே போயிடும்னு ஒரு பேச்சு இருக்கு. எங்க டேபிள்ல அப்படி ஆகல. அட்டை வந்து ஒரு வருஷமாச்சு, ரெண்டே தடவைதான் தொட்டிருக்காங்க. ஒரு தடவை ஒரு நாய் சாகப்போற காட்சிக்கு. யாரும் எதுவும் கேக்கல, நாய் ஓடிப் பொழச்சுக்கிச்சு. மத்தபடி கதை முன்னைவிட இருட்டான இடங்களுக்குத்தான் போயிருக்கு. எங்க நிறுத்தலாம்னு தெரிஞ்சதும் ஆளுங்க தைரியமா உள்ள வர்றாங்க.

அந்த அண்ணன்கிட்ட மறுநாளே போய் மன்னிப்பு கேட்டேன். டீக்கடையில நின்னுதான் பேசினோம். "அந்தக் கதையே வேணாம்னு நான் சொல்லலப்பா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மனசைத் தயார் பண்ணிட்டு வந்திருப்பேன்"னார். காற்றாலையை அப்படியே விட்டுட்டு வேற பக்கம் கதையைத் திருப்பினேன். ஒண்ணரை மாசம் அந்தப் பக்கமே போகல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவரே கேட்டார், அந்த ரெண்டு பிள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்காங்களான்னு. இருக்காங்கன்னேன். போலாம்னார். மாவு, எலும்பு எல்லாம் திரைக்குப் பின்னாடி. குழந்தை குரல்ல நான் பேசக் கூடாது, அது கோடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்னார்.

போனாங்க. சண்டை மட்டுமே ரெண்டு மணி நேரம். சூனியக்காரி ஒருத்தி தப்பிச்சுட்டா. ஃப்ரீக்கை ரோக், அதாவது திருடன் கேரக்டர் ஆடுற பொண்ணு இழுத்துக்கிட்டு ஓடிட்டா. அண்ணனோட பலாடின் மாடியேறி கதவை உடைச்சான். டைஸை உருட்டறதுக்கு முன்னாடி அண்ணன் என்னைப் பார்த்து, "இந்தப் பாப்பா என்ன வெயிட் இருக்கும்?"னு கேட்டார். ஒரு நிமிஷம் எனக்குப் பேச வரல. 14 கிலோ இருக்கும்ணேன்னு சொன்னேன். கேரக்டர் ஷீட்டை எடுத்தார். சுமந்துட்டுப் போற சாமான் எழுதுற கட்டத்துல, கேடயம்னு எழுதியிருந்ததை அடிச்சுட்டு, அதுக்குக் கீழ எழுதினார்: மர்ட்டில், 14 கிலோ.