டேர்போ காருக்கு ஒயில் மாற்றுவது 5,000இலா, 10,000இலா? கொடிகாமத்துத் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். கொடிகாமத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி மூன்று நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. அவரிடம் 660 சிசி டேர்போ கார் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் அதே கார், ஆனால் டேர்போ இல்லாதது. அவர்கள் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறைதான் ஒயில் மாற்றுகிறார்கள், ஒரு குறையும் இல்லையாம். "எனக்கு மட்டும் ஏன் 5,000 என்கிறீர்கள்? இனி வீட்டிலேயே மாற்றப் போகிறேன். ஃபில்டரை ஒருமுறை விட்டு ஒருமுறை மாற்றினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இரண்டு காருக்கும் எஞ்சின் ஒன்றுதான். ஆனால் உங்கள் காரின் ஒயிலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும், ஆனாலும் மறுபடி சொல்கிறேன். டேர்போவின் தண்டு உலோகத்தில் சுற்றவில்லை, ஒயிலில் சுற்றுகிறது. பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு தண்டு. அதன் ஒரு நுனியில் உள்ள சிறு விசிறியில் எஞ்சினிலிருந்து வரும் புகை மோதுகிறது. எஞ்சினை அழுத்தி ஓட்டும்போது அந்தப் புகையின் வெப்பம் 800, 900 பாகையைத் தொடும். மறுநுனியில் உள்ள விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இவ்வளவு சிறிய டேர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் தடவை சுற்றும். அதைத் தாங்கி நிற்பது மயிரிழையிலும் மெல்லிய ஒயில் படலம். அந்தப் படலத்தில் கரி வந்தால், பெற்றோல் கலந்தால், தண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு புது டேர்போதான் தேட வேண்டும்.

இத்தனையையும் சுமப்பது மூன்று லீற்றர்கூட இல்லாத ஒயில். பெரிய எஞ்சினில் அழுக்கு நாலைந்து லீற்றரில் பிரிந்து போகும், உங்கள் காரில் அதற்கு இடமே இல்லை. ஜப்பானிய 660 சிசி கார்களின் கையேட்டைப் பாருங்கள். பொதுவாக டேர்போ உள்ளதற்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. கடுமையான பாவனை என்றால் அதிலும் பாதி, 2,500 கிலோமீற்றர் அல்லது மூன்று மாதம்.

கடுமையான பாவனை என்றதும் மலையேற்றத்தை நினைக்கிறோம். குறுகிய ஓட்டமும் அதில் அடங்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சந்தைக்குப் போய், வீடு திரும்பினால் நாலு கிலோமீற்றர். ஒயில் சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். எரியாத பெற்றோலும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஐயாவிடம் ஓர் ஏ40 இருந்தது. ஒரு நாள் நான் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒயில் குறையவில்லை, கூடியிருக்கிறது!" என்று ஓடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பியை என் மூக்கருகில் பிடித்தார். மண்ணெண்ணெய் மணம். பிறகு ஒரு துளியை என் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தேய்த்துவிட்டார். வழுவழுப்பே இல்லை, தண்ணீர் போல இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலந்திருக்கிறது. அந்தப் பழைய எஞ்சின் அதையும் தாங்கியது. அதில் டேர்போ இல்லை. உங்களுடையதில் தண்டு ஒயிலில் சுற்றுகிறது, தம்பி.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டருக்குள் ஒரு தேநீர்க் கோப்பை அளவு அழுக்கு ஒயில் நிற்கும், மூன்று லீற்றருக்குள் அது பெரிய பங்கு. கழற்றியதும் அதன் இறப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். ஒருமுறை கைதடிப் பக்கத்திலிருந்து ஒரு கார் கட்டியிழுத்து வந்தது. யாரோ பழைய வளையம் எஞ்சினோடு ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் புது ஃபில்டரைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று நிற்காது. வீதியிலேயே ஒயில் முழுவதும் பீறிட்டுப் போயிருந்தது. ஆகவே ஒட்டும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் புது ஒயில் பூசி, கையால் திருகி, அது தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஒயில் வடிக்கக் கழற்றும் சம்ப் நட்டுக்குப் புது வொஷர். காரை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகவே வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

ஒயில் விட்டு முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது அக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். வெறுமையான ஃபில்டர் நிரம்பிய பிறகுதான் டேர்போவுக்கு ஒயில் போகும். சிவப்பு விளக்கு அணைந்த பிறகும் ஒரு நிமிடம் அப்படியே ஓடட்டும். நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். அதேபோல ஏ9 வீதியில் வேகமாக வந்து இறங்கினாலும் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் சூடான டேர்போவுக்குள் ஒயில் கருகிக் கரியாகாது.

இவ்வளவு கேட்ட தம்பி ஒன்றைக் கேட்கவில்லை. வடித்த ஒயிலை எங்கே ஊற்றப் போகிறீர்கள்? வளவு மூலையிலா? வேலிக் கதியாலுக்குக் கறையான் வராமல் இருக்கவா? நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிப்பது கிணற்று நீர், அது நிற்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக் கல்லில். மேலே ஊற்றியது கீழே போகாமல் என்ன செய்யும்? சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்தடியில் கசிந்து, கிணற்று வாளியில் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது. அது பெரிய கசிவு, உங்களுடையது மூன்று லீற்றர் என்று சொல்லாதீர்கள். கொடிகாமத்தில் எத்தனை வளவு, எத்தனை கார் என்று எண்ணிப் பாருங்கள்.

புது ஒயில் வந்த கானையே கழுவாமல் வைத்திருந்து, புனல் வைத்துப் பழையதை அதற்குள் ஊற்றி மூடுங்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு தலைகீழாக வைத்து வடித்து, அதையும் சேருங்கள். கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையம் எது என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தம்பி, நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுக் கம்பியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் 5,000 வரை காத்திருக்க வேண்டாம். என்ன மணந்தது என்று எனக்கு எழுதுங்கள்.