பதின்மூன்று வாரப் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையில் முன்னேற, மனசு நிம்மதியாக இருக்க என்ன படிக்கலாம் என்று கேட்டால், பத்துப் புத்தகம் கொண்ட பட்டியல் ஒன்றை யாராவது நீட்டுவார்கள். பத்தையும் வாங்கி, மூன்றைப் பாதிவரை புரட்டி, அலமாரியில் அடுக்கிவிடுவோம். இன்றைக்கு நான் சொல்லப்போவது இரண்டே புத்தகம். முதலாவதில் சில பக்கங்கள், இரண்டாவதில் பத்தே குறள்.

முதலாவது, அமெரிக்க அரசியல் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாறு. மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகனாக 1706-இல் பாஸ்டனில் பிறந்தவர். 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1771-இல் இந்த நூலைத் தொடங்கியவர், 1790-இல் இறக்கும்வரை முடிக்கவில்லை. நமக்கு வேண்டிய பகுதி, 1784-இல் பாரிஸை அடுத்த பாஸியில் இருந்துகொண்டு எழுதியது.

அதில் 13 நற்பண்புகளை வரிசைப்படுத்துகிறார். அளவோடு உண்பது, வீண்பேச்சைக் குறைப்பது, ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம் என்று போகும். ஒரு சிறு நோட்டில் ஒரு பண்புக்கு ஒரு பக்கம். பக்கத்தில் சிவப்பு மையால் ஏழு நாளுக்கு ஏழு கட்டம், குறுக்கே 13 வரி. ராத்திரி உட்கார்ந்து, அன்றைக்கு எதில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரு பண்பில்தான் முழுக் கவனம். மற்ற பன்னிரண்டும் எப்போதும்போல நடக்கட்டும், புள்ளி மட்டும் விழட்டும். முதல் வாரம் முதல் வரி சுத்தமாக இருந்தால் போதும். இரண்டாம் வாரம் இரண்டு வரி. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. தோட்டம் முழுக்க ஒரே நாளில் களை பிடுங்க முடியாது, பாத்தி பாத்தியாகத்தான் போகவேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம்.

பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து அழித்து நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. அப்புறம் தந்தத் தகடுகளில் கோடு போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் இருந்தது அவருக்கே ஆச்சரியம். ‘ஒழுங்கு’ மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. கூலிக்கு அச்சுக் கோப்பவனுக்கு அவன் நேரம் அவன் கையில் இருக்கும். முதலாளியாகிவிட்டால் வருகிறவர்களின் நேரத்துக்கு ஆடவேண்டியிருக்கிறதே என்கிறார். குழுவை நடத்தும் எவருக்கும் இந்த வரி சுருக்கென்று தைக்கும்.

பட்டியலில் ‘நீதி’யையும் எழுதிவைத்தவர், வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவரை மகானாக வைத்துப் படிக்க வேண்டாம், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யும்போது எங்கே சறுக்கும்? அவர் பட்டியலை அப்படியே காப்பியடிப்பதில்தான். உங்கள் வரியை நீங்களே எழுதுங்கள், ராத்திரி ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லும்படி எழுதுங்கள். ‘பொறுமையாக இருப்பேன்’ என்று எழுதினால் புள்ளி வைப்பதா வேண்டாமா என்றே தெரியாது. ‘அடுத்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடமாட்டேன்’ என்றால் தெரிந்துவிடும். இரண்டு நாள் விட்டுப்போனால் ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள், வெறுமையாகவே விடுங்கள். 13 வரி மலைப்பாக இருந்தால் நாலு போதும்.

பதின்மூன்றாவது பண்பான பணிவு, ஒரு நண்பர் ‘உனக்குக் கர்வம் அதிகம்’ என்று சொன்ன பிறகு சேர்த்தது. உள்ளே பணிவு வந்ததாக அவரே சொல்லிக்கொள்ளவில்லை. ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லை’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, ‘இப்போதைக்கு எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று பேசப் பழகினார். அதன் பிறகு தன் யோசனைகளுக்கு எதிர்ப்புக் குறைந்தது என்கிறார். அலுவலகக் கூட்டத்தில் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம், செலவில்லை.

எழுத்துக்கும் அவரிடம் ஒரு பயிற்சி உண்டு. ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற லண்டன் பத்திரிகையின் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லில் குறித்துக்கொள்வார். சில நாள் தள்ளிவைத்து, மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் எழுதுவார். பிறகு ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்துவார். அறிக்கையும் மின்னஞ்சலும் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இரண்டாவது புத்தகம் திருக்குறள். 133 அதிகாரமும் வேண்டாம், 68-ஆவது அதிகாரமான வினைசெயல்வகை மட்டும். ஒரு நாளுக்கு ஒரு குறள். உரையை மூடிவைத்து, பொருளை நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் மு.வ. உரையோடும் பரிமேலழகரோடும் ஒப்பிடுங்கள். பிராங்க்ளினின் பயிற்சிதான் இதுவும்.

675-ஆம் குறளைப் பாருங்கள்:

பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும்
இருள்தீர எண்ணிச் செயல்.

மளிகைக்கடையில் கணினியில் பில் போடும் முறையைக் கொண்டுவரப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருள்: கையில் எவ்வளவு பணம், மாதாமாதம் எவ்வளவு ஆகும். கருவி: கணினி, பில் அடிக்கும் இயந்திரம், அதற்கான காகிதச் சுருள். காலம்: தீபாவளிக்கு முந்தைய வாரம் கூடவே கூடாது. வினை: பில் மட்டுமா, சரக்கு இருப்புக் கணக்குமா? பெரும்பாலும் குழப்பம் இங்கேதான். செய்யப்போவது எது என்று முடிவாகாமலே சாமான் வாங்கிவிடுவார்கள். இடம்: கல்லாவுக்குப் பக்கத்தில் மின் இணைப்பு இருக்கிறதா? ஐந்து தலைப்பையும் ஒரு தாளில் எழுதினால், காலியாக நிற்கும் தலைப்பு உடனே கண்ணில் படும்.

காலியாக நிற்பதை நிரப்ப யாரைக் கேட்பது? 677 அதற்குத்தான்: அந்த வேலையை ‘உள்ளறிவான் உள்ளம் கொளல்’, அதாவது அதன் உள்விவரம் அறிந்தவரின் கருத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாமான் விற்க வருகிறவரை அல்ல. ஒரு வருஷமாக அதே முறையில் பில் போடும் பக்கத்துத் தெருக் கடைக்காரரைக் கேளுங்கள்.

பிராங்க்ளினின் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. நோட்டில் சனிக்கிழமை ராத்திரியே கோடு போட்டுவிடுங்கள். வணக்கம்.