வீட்டில் கட்டிய விமானம் எவ்வளவு வேகம் போகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்றோர் ஊர் இருக்கிறது. ஜூலை மாதக் கடைசியில் அங்கே போய் நின்றால் சிறு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். 1953-இல் பால் பொபரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தின் ஆண்டு விழா அது. வந்து இறங்குபவற்றில் நிறைய விமானங்கள் தொழிற்சாலையில் பிறந்தவை அல்ல. வேலைக்குப் போய்வரும் சாதாரண மனிதர்கள், கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்து, மாலையிலும் விடுமுறையிலும் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்துக் கட்டியவை. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் மட்டுமே 11,000-க்கு மேல் இப்படிக் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன.

இந்த ஆட்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள் இரண்டு. கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆச்சு? எவ்வளவு வேகம் போகும்? முதல் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும், பக்கத்தில் மனைவி நிற்பதால். இரண்டாவதுக்கு வரும் பதிலில் நான்கைந்து நாட் (விமான வேகத்தின் அலகு) கழித்துக்கொள்வது நல்லது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வேகமானியின் முள் காட்டுவதைத்தான் சொல்கிறார்கள். அந்த முள்ளுக்குச் சேதி எங்கிருந்து போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆனால் அமெரிக்கக் கொட்டகைகளில் பழைய ஆட்கள் இன்னும் சாதாரண மைலில்தான் பேசுவார்கள். மணிக்கு 200 மைல் என்ற எண்ணின் மேல் அவர்களுக்கு ஒரு மோகம். அதையே நாட் கணக்கில் சொன்னால் 174. கேட்க அவ்வளவு எடுப்பாக இல்லை, பாருங்கள்.

சரி, கருவிக்கு வருவோம். 1732-இல் பாரிஸில் ஆன்ரி பிட்டோ என்ற பொறியாளர் சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க ஒரு வளைந்த குழாயைப் பயன்படுத்தினார். நீரோட்டத்தைப் பார்த்து வாய் திறந்திருக்கும் குழாய்க்குள் தண்ணீர் ஏறும். ஓட்டம் வேகமாக இருந்தால் இன்னும் உயரமாக ஏறும். விமானத்தின் இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய் செய்வதும் இதுதான். எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை அது வாங்கிக் கொடுக்கிறது. ஆனால் அந்த அழுத்தத்துக்குள் சும்மா இருக்கும் வளிமண்டலத்தின் அழுத்தமும் கலந்திருக்கும். அதைக் கழிக்க வேண்டும். அதற்காக விமானத்தின் பக்கவாட்டில், காற்று உரசிக்கொண்டு போகிற இடத்தில், ஒரு சிறு துளை வைக்கிறார்கள். இதை நிலை அழுத்தத் துளை என்போம். குழாயின் அழுத்தத்திலிருந்து துளையின் அழுத்தத்தைக் கழித்து வரும் மிச்சம்தான் முள்ளை நகர்த்துகிறது.

அந்த மிச்சம் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். 100 நாட் வேகத்தில் அது தண்ணீரை ஏறத்தாழ பதினாறரை சென்டிமீட்டர் தூக்கும், அவ்வளவுதான். 60 நாட்டில் ஆறு சென்டிமீட்டர். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அது ஏறுவதால் 150 நாட்டில் முப்பத்தேழரைக்குப் போய்விடும். கட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டினால் வேகமானியைச் சோதிக்கும் கருவி தயார். ஊசி போடும் சிரிஞ்சை வைத்து மெதுவாக அழுத்தம் கொடுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, கருவி போய்விடும். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் பதினாறரை சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்போது முள் நூறில் நிற்கிறதா என்று பார்க்கலாம். சிரிஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தால் கசிவு இருப்பதும் தெரியும். பிட்டோ குழாயின் வழியில் கசிவு இருந்தால் முள் குறைத்துக் காட்டும். நிலை அழுத்த வழி விமானி அறைக்குள் கசிந்தால் பெரும்பாலும் கூட்டிக் காட்டும். பறக்கும்போது அறைக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைந்திருப்பது வழக்கம் என்பதே காரணம். விமானம் வேகமாகப் போகிறது என்று மகிழ்ந்துபோன சிலரின் மகிழ்ச்சிக்குக் காரணம் சரியாக இறுக்காத ஒரு பிளாஸ்டிக் இணைப்புதான்.

பிட்டோ குழாயைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒழுங்காக வேலை செய்யும். குளவி வந்து மண் கூடு கட்டாமல் உறை போட்டு வைத்தால் போதும். தொல்லை கொடுப்பது அந்தச் சின்னத் துளை. விமானத்தின் உடலைச் சுற்றி ஓடும் காற்று ஓரிடத்தில் வேகம் கூடும், இன்னோரிடத்தில் குறையும். அழுத்தமும் அதற்கேற்ப மாறும். எந்த இடத்தில் துளை வைத்தால் சரியான வளிமண்டல அழுத்தம் கிடைக்கும் என்பதை வடிவமைப்பாளர் பறந்து பறந்துதான் கண்டுபிடிக்கிறார்.

ஆர்வி விமானங்களில் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு வேடிக்கையானது. வால் பக்கம் உடலின் இரு பக்கமும் ஒரு பாப் ரிவெட். நடுவில் இருக்கும் கம்பியைத் தட்டி எடுத்துவிட்டால் அங்கே ஒரு துளை. அதுதான் நிலை அழுத்தத் துளை. விலை சில காசு. விமானத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறவருக்கு இது கண்ணை உறுத்தாதா? கடைசல் பிடித்துப் பளபளப்பாக விற்கும் வேறு துளையை வாங்கி, உலோகத் தகட்டோடு சமமாக, விரலால் தடவினால்கூடத் தெரியாதபடி பதிப்பார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேகமானி சில நாட் குறைத்துக் காட்ட ஆரம்பித்துவிடும். ரிவெட்டின் தலை சிறு மேடாக இருந்ததே, அந்த மேட்டின் மேல் ஏறிப் போகும் காற்று கொஞ்சம் வேகமெடுத்து, துளையில் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தையும் சேர்த்தே வடிவமைப்பாளர் கணக்குப் போட்டிருந்தார். மேட்டை எடுத்ததும் கணக்கு தப்பியது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் துளைக்கு முன்னால் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டி அழுத்தத்தை இறக்கிப் பார்ப்பார்கள். முள் கூட்டிக் காட்டினால் பட்டையைத் துளைக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பு போதும், நாட் கணக்கில் வித்தியாசம் தெரியும்.

தொழிற்சாலை விமானத்துக்கு அமெரிக்க விதி ஒன்று இருந்துவந்தது. வேகமானி அமைப்பின் பிழை 3 விழுக்காடு அல்லது 5 நாட், இரண்டில் எது பெரியதோ அதைத் தாண்டக் கூடாது என்று. வீட்டில் கட்டியதற்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கட்டியவர்தான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? ஒரு காலத்தில் நேரான சாலையையோ ரயில் பாதையையோ பார்த்துப் பறந்து, கைக்கடிகாரத்தில் நேரம் எடுத்தார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. விமானம் 150 நாட் போகிறது, காற்று 30 நாட் என்று வையுங்கள். காற்றோடு போனால் 180, எதிர்த்து வந்தால் 120. இந்த இரண்டு வேகங்களின் சராசரி எடுத்தால் 150, சரியான விடை. ஆனால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 144 வரும். எதிர்காற்றில்தான் அதிக நேரம் போகிறோம் என்பதால் ஆறு நாட் காணாமல் போகிறது.

2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. அதற்குப் பிறகு கையடக்க ஜிபிஎஸ் ஒன்று இருந்தாலே நல்ல துல்லியம் கிடைத்தது. ஆனால் ஜிபிஎஸ் சொல்வது தரை மீது நகரும் வேகத்தை. நமக்கு வேண்டியது காற்றுக்குள் போகும் வேகம். பலரும் செய்வது, நான்கு திசையிலும் பறந்து நான்கு எண்களையும் கூட்டி நான்கால் வகுப்பது. அதே 150, அதே 30 நாட் காற்று என்றால் 120, 180, குறுக்கே இரண்டு முறையும் 153. சராசரி 151.5. பெரிய தப்பில்லை. ஆனால் தப்பு எப்போதும் கூட்டிச் சொல்லும் பக்கமே விழும் என்பதால்தான் இந்த முறைக்கு இவ்வளவு ரசிகர்கள் என்று நினைக்கிறேன்.

இதைவிட அழகான வழி பள்ளிக்கூட வடிவியலில் இருக்கிறது. ஒரே உயரம், ஒரே திராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) நிலை, ஒரே வேகம். மூன்று வெவ்வேறு திசைகளில் விமானத்தின் மூக்கைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் முள் அடங்கும்வரை பொறுத்திருந்து, ஜிபிஎஸ் காட்டும் தரைவேகத்தையும் தரைமேல் போகும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். தரைக்கு வந்து வரைபடத் தாளில் மையத்திலிருந்து அந்தந்தத் திசையில், அந்தந்த வேகத்தின் நீளத்துக்குப் புள்ளி வைக்கவும். மூன்று புள்ளி கிடைக்கும். அவற்றின் வழியே ஒரு வட்டம்தான் போக முடியும். முக்கோணத்துக்குச் சுற்றுவட்டம் வரைவோமே, மையக்குத்துக்கோடுகள் போட்டு, அதேதான். வட்டத்தின் ஆரம் எவ்வளவோ அதுதான் காற்றுக்குள் விமானத்தின் உண்மை வேகம். தாளின் மையத்திலிருந்து வட்டத்தின் மையம் தள்ளியிருக்கும் தூரம், காற்றின் வேகம். காற்று எவ்வளவு வீசுகிறது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அதுவும் விடையாகவே வந்துவிடுகிறது. நான்காவது திசையிலும் பறந்து இன்னொரு புள்ளி வைத்தால் அதுவும் வட்டத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் நடுவில் காற்று மாறியிருக்கிறது, அல்லது ஓட்டியவர் உயரத்தைப் பிடிக்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் பறக்கலாம்.

உண்மை வேகம் கிடைத்தாயிற்று. முள் காட்டுவது ஏன் அதைவிடக் குறைவு? மேலே போகப் போகக் காற்று இளைக்கிறது. அதே வேகத்துக்குக் குறைந்த அழுத்தம்தான் வரும். 8,000 அடியில், வழக்கமான வெப்பநிலையில், முள் 150 காட்டினால் உண்மையில் போவது 169. ஆயிரம் அடிக்கு இரண்டு விழுக்காடு கூட்டிக்கொள் என்று விமானிகள் வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 174 வரும். ஐந்து நாட் இனாம்! இந்தக் கணக்குக்கு வெளிக்காற்றின் வெப்பநிலையும் வேண்டும், அதனால் வெப்பமானி வேறு. அதை எஞ்சினின் சூடான காற்று வெளியேறும் இடத்துக்குப் பின்னால் பொருத்தி, அது 10 டிகிரி கூட்டிக் காட்டினால், கணக்கில் வரும் உண்மை வேகம் மூன்று நாட் கூடும். இப்போதைய மின்னணுத் திரைகள் உண்மை வேகத்தைத் தாமே கணக்கிட்டு ஓர் எண்ணாகக் காட்டுகின்றன. அந்த எண்ணும் அதே ரிவெட் துளையையும் அதே வெப்பமானியையும் நம்பித்தான் வருகிறது.

குரூஸ் வேகம், அதாவது ஒரே உயரத்தில் நிலையாகப் பறக்கும் வேகம், பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட் வேகத்துக்காகத்தான். சக்கரத்துக்கு மூடி போட்டேன், மூன்று நாட் கூடியது என்பார் ஒருவர். புரொப்பெல்லரை மாற்றினேன் என்பார் இன்னொருவர். கூடியிருக்கலாம். ஆனால் 800 கிலோ எடையுள்ள ஆர்வி போன்ற விமானம் நிமிடத்துக்கு 100 அடி என்ற கணக்கில் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தாலே ஏறத்தாழ ஐந்து குதிரைத்திறன் சும்மா கிடைக்கிறது. அது மூன்று நாட் வேகத்துக்குச் சமம். விமானம் இறங்காவிட்டாலும், சுற்றியிருக்கும் காற்றே மெல்ல மேலெழுந்து கொண்டிருந்தால் அதே பலன்தான். மலைகளுக்குப் பின்புறம் காற்று இப்படி மைல் கணக்கில் ஏறி இறங்கும். அதனால்தான் ஒழுங்காகச் சோதிக்கிறவர்கள் விடியற்காலையில், சமவெளிக்கு மேல், காற்று அடங்கியிருக்கும்போது போகிறார்கள். கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் இயங்கிய கேஃப் என்ற அமைப்பு 1990-களில் வீட்டுக் கட்டுமான விமானங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தனக்கென்று வைத்திருந்த கருவிகளை மாட்டி அளந்து, அறிக்கைகளை வெளியிட்டது. விளம்பரத் தாளை மட்டும் பார்த்து விமானம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே தராசில் நிறுத்த எண்கள் கிடைத்தன.

எஞ்சினைப் பெரிதாக்கினால் வேகம் கூடுமே என்று கேட்கலாம். கூடும், ஆனால் கஞ்சத்தனமாக. தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 160 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சினை எடுத்துவிட்டு 180 போட்டால் திறன் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. 170 நாட் 177 ஆகும். பத்து விழுக்காடு வேகம் கூட வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு திறன் கூட வேண்டும், பெட்ரோலும் அதற்குத் தக்கபடி. நான் காசு போடுவதானால் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சின் மூடியில் காற்று கசியும் ஓட்டைகளை அடைக்கத்தான் முதலில் போடுவேன்.

கடைசியாகப் பெருமைக்கு அப்பாற்பட்ட ஒரு சங்கதி. தரையிறங்கும்போது முள் தப்பாகக் காட்டினால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். உயரத்தில் ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் நிலை) செய்து பார்த்து, அப்போது அதே முள் என்ன காட்டியது என்று எழுதி வைத்து, அதில் 1.3 மடங்கில் வந்தால் பிழை பெரும்பாலும் இரு பக்கமும் அடிபட்டுப் போகும். மேல் எல்லையில் அந்தச் சலுகை கிடையாது. தாண்டவே கூடாத வேகம் என்று வடிவமைப்பாளர் ஓர் எண் தருகிறார். ஆர்வி-7-க்கு அது மணிக்கு 230 மைல், அதாவது 200 நாட். அதை உண்மை வேகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வான்ஸ் நிறுவனம் சொல்கிறது. இறக்கையும் வாலும் படபடத்து முறியும் ஃபிளட்டர் என்ற ஆபத்து உண்மை வேகத்தைப் பொறுத்தது என்பதுதான் காரணம். 12,000 அடியிலிருந்து மூக்கைத் தாழ்த்தி இறங்குகிறார் ஒருவர். முள் 170 காட்டுகிறது. சிவப்புக் கோடு 200-இல் இருக்கிறது, இன்னும் முப்பது நாட் இடமிருக்கிறது என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த உயரத்தில் 170 என்றால் உண்மை வேகம் 204. துளையைத் தகட்டோடு சமமாகப் பதித்து, முள் நான்கு நாட் குறைத்துக் காட்டும் விமானமாக அது இருந்தால் 209-ஐ நெருங்கும்.

ஆகவே புது விமானத்துக்கு விதிக்கப்படும் முதல் கட்டச் சோதனைப் பறப்பில், வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் அது, இந்த வட்டத்தை மூன்று நான்கு வேகங்களில் வரைந்து, முள் காட்டுவது இவ்வளவு, உண்மை இவ்வளவு என்று ஒரு சிறு அட்டையில் எழுதிக் கருவிப் பலகையில் ஒட்டிவிடுங்கள். துளையைத் தொட்டால், அதன் அருகே பெயின்ட் அடித்தால்கூட, அட்டையை எடுத்துவிட்டு மறுபடி பறந்து அளக்க வேண்டும். வணக்கம்.