மேற்கு வெயில் வீடும் முயல்காதுக் கள்ளியும்

சரி, அடுத்த கேள்வி. நம்ம சிங்கப்பூர்ல செங்காங்லேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. படிச்சதுலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டிப் பேசப்போறேன், பொறுத்துக்குங்க. "தம்பி, முயல்காதுக் கள்ளி ஒண்ணு வாங்கி டிவி பக்கத்துல வெச்சிருக்கேன். வாரம் ஒரு தடவை அரை கிளாஸ் தண்ணி ஊத்துறேன். வாங்கும்போது பட்டையா அழகா இருந்துச்சு. இப்போ புதுசா விடறதெல்லாம் ஸ்ட்ரா மாதிரி ஒல்லியா வளைஞ்சு போகுது. உரம் பத்தலையா, தண்ணி பத்தலையா? என் மாமியார் வேற, முள்ளுச்செடி வீட்டுக்குள்ள ஆகாது, தூக்கி வெளியில வைன்னு தினமும் சொல்றாங்க."

அக்கா, உங்க மாமியார் பேச்சைக் கேளுங்க. வாஸ்து எனக்குத் தெரியாது. ஆனா வெளியில வைன்னாங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு சரி.

தொடர்ந்து பாக்குறவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க, ஆரம்பிச்சுட்டான்டான்னு. ரோஜா மொட்டு விடலைன்னு கேட்டீங்க, வெளிச்சம்னேன். கறிவேப்பிலை குச்சியா நிக்குதுன்னு கேட்டீங்க, வெளிச்சம்னேன். இப்பவும் அதேதான், வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அளவுல கணக்குப் பண்ணுவாங்க. உச்சி வெயில்ல வெட்டவெளியில ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நம்ம ஹால்ல டிவி பக்கத்துல சில நூறு லக்ஸ் இருந்தாலே பெருசு. நம்ம கண்ணு இதுக்கெல்லாம் சமாளிச்சுக்கும், "நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு"ன்னு தோணும். செடி அப்படி ஏமாறாது. மெக்சிகோவோட காஞ்ச பூமியில வெயில்ல நின்ன செடி இது. வெளிச்சம் கிடைக்காதப்போ எங்கயாவது கிடைக்குமான்னு நீளமா, வெளிறிப்போய் எட்டிப் பாக்குது. அதுதான் உங்க ஸ்ட்ரா.

முயல் காது மாதிரி அந்தப் பட்டை இருக்கு பாருங்க, அது இலை இல்ல, தண்டு. இலை புதுப் பட்டையில மட்டும் சின்னதா முளைச்சு உதிர்ந்துடும். சமையல் வேலையெல்லாம் தண்டுதான் பாக்குது. தண்ணியையும் அதுக்குள்ளதான் சேத்து வெச்சிருக்கு.

தண்ணிக்கு வருவோம். வாரம் ஒரு தடவைங்கற கணக்கை விட்டுடுங்க. இருட்டுல இருக்கிற செடி தண்ணியைச் செலவு பண்ணாது, மண்ணு ஈரமாவே கிடக்கும், வேர் அழுகும். அதுவும் கள்ளி பகல்ல மூச்சுத் துவாரத்தை மூடிக்கும், ராத்திரிதான் திறக்கும். பாலைவனத்துல ராத்திரி குளிரும். நம்ம ஊர்ல விடியக்காலையிலயும் 25 டிகிரி, காத்துல வேற அவ்வளவு ஈரம். அதனால மண்ணு காய இன்னும் நாளாகும். சாத்தே குச்சி, அதான் இறைச்சி கோத்துச் சுடற மூங்கில் குச்சி, ஒண்ணைத் தொட்டி அடி வரைக்கும் விட்டு எடுத்துப் பாருங்க. மண்ணு ஒட்டாம, காஞ்சு வந்தா நல்லா ஊத்துங்க, அடியில வழியணும். வழிஞ்சதைத் தட்டுலேர்ந்து கொட்டிடுங்க. கொசுவுக்காகச் சுற்றுப்புற வாரியம் சொல்றதும் அதைத்தான். மண் கலவை பத்தித் தனி வீடியோ இருக்கு. அதுல சொன்ன கலவைதான், பியூமிஸ் கல்லை, அதான் ஓட்டை ஓட்டையா லேசா இருக்கற எரிமலைக் கல்லை, மட்டும் இன்னும் தாராளமாப் போடுங்க.

இப்ப எங்க வைக்கறதுன்னு வருவோம். இதைத்தான் நீங்க முதல்ல கேட்டிருக்கணும். இங்கிலாந்துக்காரங்க எழுதின புத்தகத்துல தெற்கு ஜன்னல்ல வைன்னு இருக்கும். அது அவங்க ஊருக்கு. நாம பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்க இருக்கோம். சூரியன் ஜூன்ல வடக்குப் பக்கம் சாயும், டிசம்பர்ல தெற்குப் பக்கம். மத்தியானத்துல ஏறக்குறைய தலைக்கு மேல நிக்கும், மேல்மாடி கான்கிரீட்டே மறைச்சுடும். வருஷம் முழுக்க வீட்டுக்குள்ள சாஞ்சு வர்ற வெயில் கிழக்குலயும் மேற்குலயும்தான். வீவக, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கப்போறப்போ எல்லாரும் என்ன சொல்றோம்? "மேற்கு வெயிலா, வேண்டாம்பா, ஏர்கான் பில்லு தாங்காது." கள்ளி வளக்கறவனுக்கு அந்த வீடுதான் வரம்! எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படி ஒரு வீட்டை வாங்கிட்டு மனைவிகிட்ட மூணு வருஷமாத் திட்டு வாங்கிட்டு இருந்தார். இப்போ அவர் ஜன்னல்ல இருக்கற கள்ளியைப் பாக்க ஆளுங்க வர்றாங்க. திட்டு நிக்கல, அது வேற.

அம்மா ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்க தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டோரம், வேலியோரம் சப்பாத்திக்கள்ளி, மஞ்சப் பூவோட நிக்கும். யாரு தண்ணி ஊத்தினா, யாரு உரம் போட்டா? பழத்தைத் தரையில தேய்ச்சு முள்ளை எடுத்து, நடுவுல இருக்கற நட்சத்திர முள்ளையும் நீக்கிட்டுத் தின்னா, நாக்கு ரெண்டு நாளைக்குச் செவப்பா இருக்கும். தென்னிந்தியாவுல ஒரு காலத்துல இது கட்டுக்கடங்காமப் பரவி, 1926ல இலங்கையிலேர்ந்து ஒரு பூச்சியைக் கொண்டாந்து விட்டுத்தான் அடக்கினாங்க. அவ்வளவு முரட்டுச் சாதி இது, உங்க முயல்காதும் இதே சாதிதான். நம்ம ஹால்ல ஆறு மாசத்துல சாகுதுன்னா, டிவி பக்கத்து இருட்டைத்தான் குத்தம் சொல்லணும்.

அக்கா, ஒல்லியாப் போனது திரும்பப் பட்டையாகாது. கணுவுல வெட்டிடுங்க. நல்லதா ஒரு பட்டையை வெட்டி நிழல்ல ஒரு வாரம், பத்து நாள் வெச்சு, வெட்டுவாய் காஞ்சு தோல் கட்டினப்புறம் காஞ்ச மண்ணுல நட்டா வேர் விடும். ஆனா கையால தொடாதீங்க. வெல்வெட்டு மாதிரி புள்ளி புள்ளியா இருக்குல்ல, அது ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத முள்ளு நூத்துக்கணக்குல, எல்லாத்துலயும் கொக்கி. என் அக்கா பேரன் ஆசையாத் தடவிட்டான், அன்னிக்கு ராத்திரி முழுக்கச் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தோம். இடுக்கியால பிடிங்க, பழைய பேப்பரைச் சுத்திக்கிட்டாலும் சரி.

வெளியில வைக்கறதையும் படிப்படியா. திடீர்னு மொட்டை வெயில்ல வெச்சா பட்டை வெந்து வெளுத்துடும், அந்தத் தழும்பு போகாது. முதல்ல காலை வெயில் ஒரு மணி நேரம், ரெண்டு வாரத்துல கூட்டுங்க. கோரிடார்ல வைக்கறதுன்னா நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு வைக்கணும், கள்ளியா இருக்கறதால பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும். வருஷக் கடைசி மழையில சாரல் படாத இடமாப் பாருங்க.

யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, நானே கேட்டுக்கறேன்: இந்த ஊருக்குன்னே பொருந்தற கள்ளி எது? பாலைவனக் கள்ளியோட மல்லுக்கட்டறோம், ஆனா காட்டுல மரத்து மேல தொத்தி வளர்ற கள்ளியும் இருக்கு. ஈரக்காத்து அதுக்குப் பிடிக்கும். நம்மாளுங்க பிரம்மகமலம்னு சொல்றது, சீனப் பக்கத்து வீட்டுக்காரங்க கெங் ஹுவான்னு சொல்றது, ராத்திரியில ஒரே ஒரு தடவை விரிஞ்சு விடியறதுக்குள்ள வாடிடும் பாருங்க, அது கள்ளிதான். டிராகன் பழமும் கள்ளிதான். ரிப்சாலிஸ்னு தொங்குற வகை, ஜன்னல்ல நேர் வெயில் இல்லாட்டியும் சமாளிக்கும். வடக்குப் பாத்த வீட்டுக்காரங்க அதுல ஆரம்பிங்க.

அக்கா, உங்க ஜன்னல் எந்தப் பக்கம்னு எழுதவே இல்லையே? கீழ கமென்ட்ல போடுங்க, அப்புறம் வெட்டலாம்.