மண்ணில் அலுமினியம், மழையில் அமிலம்

(சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நம் ஊருக்கு வடக்கே நிற்கிற சேர்வராயன் மலையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த மலை உச்சியிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி, லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனது இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த பாக்சைட்டை உண்டாக்கியது மழை.

மலையின் உடம்பு சார்னோகைட் என்னும் கருங்கல். சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே கல்தான். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மெல்லிய அமிலமாகக் கல்லுக்குள் இறங்குகிறது. சோடியமும் கால்சியமும் முதலில் கரைந்து ஓடைக்குப் போகின்றன. அடுத்து சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்படுகிறது. அலுமினியம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. முதலில் வெள்ளைக் களிமண்ணாகிறது. சிலிக்கா முழுவதும் போனபின் கிப்சைட் என்னும் கனிமமாகிறது. பல லட்சம் ஆண்டுகள் மற்றதெல்லாம் போய், போகாமல் நின்றதுதான் பாக்சைட்.

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் 8 சதவீதம் அலுமினியம். உலோகங்களில் இதுதான் மிக அதிகம், இரும்பைவிட அதிகம். ஆனால் நடுக்கடலில் ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டால், அதில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது. ஆறுகள் கொண்டுவருவது களிமண்ணாகவே முகத்துவாரத்தில் படிந்துவிடுகிறது. நடுக்கடலுக்கு அலுமினியம் போவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் தூசியாகத்தான்; சகாராவின் புழுதி அட்லாண்டிக் முழுக்க விழுகிறது. அதில் கரைவது கொஞ்சம். கரைந்ததும் மூழ்கும் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அடியில் சேர்ந்துவிடும். சோடியம் கடலில் கோடிக்கணக்கான ஆண்டு தங்கும். அலுமினியம் சில நூறு ஆண்டுகூடத் தாங்குவது அரிது. அடியில் படிந்த சேறு இறுகிப் பாறையாகி, என்றோ ஒருநாள் மலையாக எழும்பும்போது சுழற்சி மறுபடி தொடங்குகிறது.

இவ்வளவு இருந்தும், அலுமினியம் இல்லாமல் வாழ முடியாத உயிர் ஒன்றுகூட இதுவரை அறியப்படவில்லை. இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் உடம்பு எடுத்துக்கொண்டது, இதை எடுத்துக்கொள்ளவில்லை. கல்லுக்குள்ளும் களிமண்ணுக்குள்ளும் பூட்டிக் கிடந்ததால் உயிர்களுக்கு இதோடு பழக வேண்டிய தேவை வரவில்லை என்பதே எனக்குச் சரியாகப் படும் விளக்கம். அந்தப் பூட்டைத் திறப்பது அமிலம். மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். அது 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து தண்ணீரோடு நடமாடத் தொடங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் நடந்தது இதுதான். நிலக்கரிப் புகையின் கந்தகம் அமில மழையாக விழுந்து, நார்வே, ஸ்வீடன், அமெரிக்காவின் அடிராண்டாக் மலை ஏரிகள் மீனற்றுப் போயின. மீனைக் கொன்றதில் அமிலத்தோடு அலுமினியத்துக்கும் பங்கு உண்டு. மலைமண்ணில் கரைந்து வந்த அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைத்தது, உடம்பின் உப்பை வெளியே கசியவிட்டது. மண்ணிலிருந்து அது இறங்கி வருவதை குரோனன், ஸ்கோஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் 1979-இல் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1989-இல், பர்ச்சால் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: அதே அமிலத் தண்ணீரில் கரைந்த சிலிக்கா போதுமான அளவு இருந்தால் மீன் சாவதில்லை. சிலிக்கா அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மலையில் மழை எதை எதிலிருந்து பிரித்ததோ, அவை இரண்டும் தண்ணீரில் மறுபடி சேர்கின்றன! இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதன்மேல் தீராத வியப்பு.

புகையைக் குறைத்தால் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காடு அப்படி மீளவில்லை. அமிலத்தைத் தணிக்கும் மண்ணின் கால்சியத்தை அமில மழை பல பத்தாண்டுகளாகக் கழுவிக்கொண்டு போயிருந்தது. 1999-இல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட்டை ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கத் தூவினார்கள். அதன் பிறகே அங்கே மேப்பிள் மரங்கள் தேறின.

நம் மலைகளுக்கு வருவோம். அமோனியம் சல்பேட் போன்ற உரத்தை ஆண்டுக்கணக்கில் கொட்டினால் புகையே இல்லாமல் மண் புளித்துவிடும். தேயிலை அதைத் தாங்கும். வேர் இழுக்கும் அலுமினியத்தை முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும் செடி அது. டீ குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், வயிற்றுக்குள் போகும் அலுமினியத்தில் நூறில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. ஆனால் அதே நிலத்தில் நாளை பீட்ரூட் விதைத்தால் வேர் நுனி கருகி, செடி குட்டையாக நின்றுவிடும். அதனால் ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களிடமும் நீலகிரி விவசாயிகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்தோடு பி.எச். அளவையும் கேட்டு வாங்குங்கள். 5-க்குக் கீழே இருந்தால், பயிருக்கு எவ்வளவு தேவை என்று கேட்டு, உரத்துக்கு முன்னால் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுங்கள்.